மழை விட்டாலும் அரை மணி நேரம் பொறுங்கள்

பெரும்போக விதைப்பும் இடிமழையும் லக்கலயில் ஒரே மாதங்களில்தான் வருகின்றன. ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவத்தில் காலை வெயில் தரையைச் சுட, ஈரக்காற்று நக்கிள்ஸ் சரிவுகளில் மேலேறிப் பிற்பகலில் கருமேகமாகக் குவிகிறது. ஆகவே வயல் வேலையையும் சேனை வேலையையும் விடிந்ததும் தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள். மலைக்குப் பின்னால் வளரும் மேகம் உங்கள் கண்ணில் படாது. காதை நம்புங்கள்.

மேகம் வளரும்போது உள்ளே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதி மின்னேற்றம் பிரிகிறது. முதல் மின்னல்கள் பெரும்பாலும் மேகத்துக்குள்ளேயே வெட்டும்; சில நிமிடங்களில் தரைக்கு இறங்கத் தொடங்கும். முதல் வெட்டே தரைக்கு வருவதும் உண்டு. எனவே உறுமல் கேட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், இந்த வரம்பு முடியட்டும் என்று நிற்க வேண்டாம். மின்னல் திடீரென அடுக்கடுக்காக வெட்டினால் மேகம் மூர்க்கம் கொள்கிறது. பலத்த காற்று பின்தொடரலாம்.

என் பெருங்கவலை அதற்குப் பிறகுதான். மழை தூறலாகிறது. பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடுகிறார்கள், மாட்டை அவிழ்க்க ஒருவர் போகிறார். தேயும் மேகத்தில் மின்னல் அரிதாகிறதே தவிர மெலிவதில்லை. மேகத்தின் விரிந்த மேற்பகுதியில் மிஞ்சிய நேரேற்றம் தரைக்குப் பாய்ந்தால், அந்த ஒரு வெட்டு மற்றவற்றைவிட வலுவாக இருக்கக்கூடும். மழை பெய்யும் இடத்துக்கு 10 கிலோமீற்றர் அப்பாலும் விழும். கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடங்கள் உள்ளேயே இருங்கள். இடையில் இன்னொரு முழக்கம் கேட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.

சேனை வாடியும் ஓலைக் கொட்டிலும் மின்னலுக்குக் காப்பல்ல. சுவரெழுப்பிய வீட்டுக்கோ கண்ணாடி மூடிய பஸ், வேனுக்கோ போங்கள். முச்சக்கரவண்டியும் லேண்ட்மாஸ்டரும் உதவா. களுகங்கை, மொரகஹகந்த நீர்த்தேக்கங்களில் படகில் இருப்பவர்கள் முதல் முழக்கத்திலேயே கரைக்குத் திரும்புங்கள். வீட்டில் தொலைக்காட்சிப் பிளக்கையும் அன்டெனா வயரையும் இடி வருமுன் கழற்றிவிடுங்கள். மின்னல் வெட்டும்போது தொடாதீர்கள்.

யானைக்கும் பன்றிக்கும் காவலிருக்க மரப்பரணில் இரவைக் கழிப்பவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். உயரமான மரத்தில், தனியாக, இருட்டில் இருக்கிறீர்கள். காவலை விட்டால் பயிர் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இடி முழங்கும் இரவில் பரணில் ஏறாதீர்கள். ஏறியிருந்தால் முதல் உறுமலிலேயே இறங்கி வீட்டுக்கு வாருங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பை நாள்தோறும் வானொலியில் கேளுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தொடப் பயந்து நின்று விடாதீர்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சின் நடுவில் வேகமாக அழுத்தத் தொடங்குங்கள். தெரிந்தவர் மூச்சும் ஊதட்டும். இன்னொருவர் 1990ஐ அழைக்கட்டும். அம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்க வேண்டாம்.