டிரோன் எவர் பிடியில்

அன்புள்ள தம்பிக்கு,

ஷேடோரன் என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர ஆட்டத்தை நீயே கேம் மாஸ்டராக உட்கார்ந்து நடத்துகிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். டிரோன் சிக்னல் தகராறில் ஆட்டம் பாதியில் நின்றது என்று எழுதியிருந்தாய். ரிக்கராக, அதாவது டிரோன் ஓட்டியாக, ஆடும் உன் நண்பனின் வாதம் இதுதானே: "என் கைக்கருவியான காம்லிங்கின் சிக்னல் 5. நாலு கிலோமீட்டர் எட்டும். டிரோன் ஒரு கிலோமீட்டரில்தான் பறக்கிறது. ஏன் ஓட்டக் கூடாது?"

நீங்கள் ஆடுவது 2005இல் வந்த நான்காம் பதிப்பு. அதன் பட்டியலில் சிக்னல் 3 என்றால் 400 மீட்டர், 4 என்றால் 1 கிலோமீட்டர், 5 என்றால் 4 கிலோமீட்டர். அவன் தன் கருவியை மட்டும் பார்த்தான். டிரோனின் சிக்னல் 3 என்று நீயே எழுதியிருக்கிறாய். நேரடித் தொடர்புக்கு இரண்டு கருவிகளும் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. அவன் போடும் கூச்சல் டிரோனுக்குக் கேட்கும். அது முனகும் பதில் அவனுக்குக் கேட்காது. ஆகவே இரண்டில் சின்ன எண்ணே எல்லை. நிஜ டிரோனிலும் இதே கதைதான். கட்டளை போனால் மட்டும் போதாது, கேமராவின் படம் திரும்பி வந்தாக வேண்டும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நீயும் பாதி விதியைத்தான் படித்தவன் ஆவாய். அந்தப் பதிப்பின் கதை நடப்பது 2070இல். சியாட்டில் நகர மையத்தில் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கருவி அடுத்தவரின் தகவலைக் கைமாற்றி அனுப்புகிறது. அங்கே ஒரு கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. ரெட்மண்ட் பேரன்ஸ் போன்ற கைவிடப்பட்ட பகுதியில் அப்படிக் கைமாற்ற ஆள் கிடைப்பது அரிது; அங்கேதான் 400 மீட்டர் கணக்கு உயிர்பெறும். உன் காட்சி எங்கே நடந்தது என்று நீ எழுதவில்லை. நகர மையம் என்றால், காரணம் தவறானாலும் உன் நண்பன் கேட்டது நியாயம்தான்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: தொடர்பு அறுந்த நொடியில் என்ன ஆகும்? "டிரோன் விழுந்துவிட்டது" என்று நீ சொன்னதாகத் தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டிரோனுக்குள் பைலட் என்ற மென்பொருள் இருக்கிறது. கடைசியாகக் கிடைத்த உத்தரவை வைத்துக்கொண்டு தன் சின்ன அறிவால் அது சமாளிக்கும். ரிக்கர் உத்தரவு மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கியிருந்தால் அவனுக்குப் பெரிய நஷ்டமில்லை. தொலைவிலிருந்து தானே ஓட்டிக்கொண்டிருந்தால் பிடி நழுவும். மனதையே டிரோனுக்குள் இறக்கியிருந்தால் தொடர்பு அறுந்த அதிர்ச்சியான டம்ப்ஷாக் தாக்கும், உடம்பு அதைத் தாங்கியாக வேண்டும். சிக்னல் விதி உன் நண்பனிடம் கேட்பது இதைத்தான்: எவ்வளவு பிடியை உன் கையில் வைத்துக்கொள்ளப் போகிறாய், அதற்கு என்ன ஆபத்தை ஏற்பாய்? டிரோனை விழவைத்ததால் அந்தத் தேர்வையே அவனிடமிருந்து பறித்துவிட்டாய்.

2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு சிக்னல் எண்ணையே எடுத்துவிட்டு 'நாய்ஸ்' என்ற இரைச்சல் கணக்கைக் கொண்டுவந்தது. 100 மீட்டர் வரை இரைச்சல் இல்லை. ஒரு கிலோமீட்டர் வரை 1, பத்து வரை 3, நூறு வரை 5, அதற்கு மேல் 8. அத்தனை பகடைகள் குறையும். 5 அல்லது 6 விழுந்தால்தான் வெற்றி என்பதால், மூன்று பகடை போனால் சராசரியாக ஒரு வெற்றி போகும். பன்னிரண்டு பகடை உருட்டும் ரிக்கருக்கு அது வலிக்கும், ஆனால் முடக்காது. ரிக்கர் தன் டிரோன்களை ஆளும் கன்சோலின் திறனில் ஒரு பங்கை ஒதுக்கி இரைச்சலைக் குறைக்கவும் வழி இருக்கிறது. எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். தூரம் இங்கே தடையாக நிற்காமல் விலையாக மாறுகிறது.

அதற்காக நீங்கள் பதிப்பு மாற வேண்டாம். அடுத்த முறை டிரோன் கிளம்பும்போதே, பகடை உருளும் முன், "இந்த இடத்தில் வலைத்தொடர்பு மோசம், நேரடி எல்லை 400 மீட்டர், அதைத் தாண்டினால் பைலட் பொறுப்பு" என்று சொல்லிவிடு. நீ நடத்தும் எதிரிகளின் டிரோனுக்கும் இதே கணக்கைப் போடு. நின்றுபோன காட்சியை, எவ்வளவு பிடி வேண்டும் என்று உன் நண்பனிடம் கேட்டுவிட்டு, டிரோன் விழாமல் பைலட்டின் பிடியில் பறந்துகொண்டிருந்ததாக வைத்து அந்த இடத்திலிருந்தே தொடர்.

அன்புடன்,
அக்கா