ஊர் மரதனில் ஓடி முடிப்பது எப்படி?

சித்திரைப் புத்தாண்டு வந்தால் நமது பகுதிகளில் கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், சைக்கிள் ஓட்டம் என்பவற்றோடு மரதன் ஓட்டமும் நடைபெறும். விளையாட்டுக் கழகங்களின் ஆண்டு விழாக்களிலும் பாடசாலைப் போட்டிகளிலும் கூட நடைபெறும். மூன்று கட்டைத் தூரமாக இருந்தாலும் ஆறு கட்டையாக இருந்தாலும் நமக்கு அது மரதன்தான். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர், 26 கட்டைக்குச் சற்றுக் கூட. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அந்தத் தூரம் 1921இல் நிரந்தர அளவாக்கப்பட்டது. இந்தப் பாடத்தில் நாம் பேசப்போவது 5 கிலோமீற்றர் முதல் 10 கிலோமீற்றர் வரையான ஊர் ஓட்டத்தைப் பற்றியாகும். கிண்ணம் வாங்கும் மூவரை விட்டுவிடுவோம். அவர்களுக்குப் பின்னால் வரும் சாதாரண ஆட்களே நமது அக்கறை.

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். காணியை விட்டு வந்த பின் முதலில் கெடுவது நித்திரை. விடிய நாலு மணிக்கு எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறியவர், அதே நேரத்துக்கு விழித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கிடப்பார். உடம்பு வேலை கேட்கும், கொடுப்பதற்கு நிலம் இல்லை. ஓடுவதற்குக் காணி உறுதி தேவையில்லை, வீதி இருந்தால் போதும். (ஓட்டம் காணியைத் திருப்பித் தராது என்பது நமக்குத் தெரியும். அந்த முயற்சி வேறு, அதை விடக்கூடாது.)

மண்வெட்டி பிடித்த உடம்புதானே என்று பழகாமல் ஓட்டத்தில் இறங்குவது ஆபத்து. கமவேலையில் நாரியும் தோளும் உறுதியாகும். ஓட்டத்துக்கு மூச்சும் கெண்டைக்காலும் கணுக்காலும் வேண்டும். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநார்களும் எலும்பும் பழக அதைவிடக் கூடிய காலம் செல்லும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைத் திடீரெனக் கூட்டியவர்கள் கால் நோவுடன் இருந்துவிடுவது இதனால்தான். ஆகவே போட்டிக்குக் குறைந்தது எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். கிழமையில் மூன்று நாள் போதும்.

மணிக்கூடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீதியோர மின்கம்பங்களை எண்ணலாம். முதற் கிழமை ஒரு கம்பத்துக்கு ஓடி, இரண்டு கம்பத்துக்கு நடவுங்கள். இப்படி இருபது, இருபத்தைந்து நிமிடம். அடுத்த கிழமைகளில் ஓடும் கம்பங்களைக் கூட்டி நடக்கும் கம்பங்களைக் குறையுங்கள். ஆறாம் ஏழாம் கிழமையில் அரைமணி நேரம் நில்லாமல் ஓட முடிந்தால் 5 கிலோமீற்றர் உங்களுக்கு எட்டும் தூரம். வேகம் சரியா என்று அறிய ஒரு வழி உண்டு. பக்கத்தில் ஓடுபவரோடு ஒரு முழு வசனம் பேச முடிய வேண்டும். பேச முடியாமல் இளைத்தால் வேகம் கூடிவிட்டது.

பழகும்போது வாகனங்களுக்கு எதிர்முகமாக, வீதியின் வலப்பக்கத்தில் ஓடுங்கள். குறுக்கு வழி என்று பற்றைக்குள் இறங்க வேண்டாம். வடக்கில் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. மண்டையோட்டு அறிவித்தல் பலகை நிற்கும் பக்கம் போகவே கூடாது. பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓடுவது நல்லது. பெண்களின் உடம்பு தாங்காது என்று சொல்லிச் சொல்லியே ஒலிம்பிக்கில் அவர்களுக்கு மரதன் 1984 வரை இருக்கவில்லை. ஒரு கட்டை தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமந்தவர்களிடம் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்.

சப்பாத்து வாங்க முடியவில்லையே என்று பின்நிற்க வேண்டாம். எதியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960இல் உரோம் ஒலிம்பிக் மரதனை வெறுங்காலுடன் ஓடி வென்றார். 1964இல் தோக்கியோவில் சப்பாத்து அணிந்து மறுபடியும் வென்றார். வெறுங்காலில் பழகியவர் வெறுங்காலில் ஓடலாம், ஆனால் தார் சூடேறுவதற்கு முன். போட்டியன்று இரவல் சப்பாத்தோ புதுச் சப்பாத்தோ போடுவதுதான் பிழை. இரண்டாம் கட்டையில் கொப்புளம் வந்துவிடும்.

அந்த உரோம் ஓட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வெயிலுக்குப் பயந்து அதை மாலையிலே தொடங்கினார்கள். இருட்டியபின் தீப்பந்த வெளிச்சத்தில் முடிந்தது. நமது ஊர்களிலோ, ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும் அதே நாட்களில் புத்தாண்டு மரதனை வைக்கிறோம். ஆறு மணிக்கென்று அறிவித்துவிட்டு, பிரதம விருந்தினர் வரும்வரை ஓட்டக்காரரை வெயிலில் நிறுத்தி வைத்து எட்டரைக்கு விசில் ஊதுவதும் நடக்கிறது. விருந்தினர் பரிசளிப்புக்கு வந்தால் போதும் என்று நாம் உறுதியாகச் சொல்வோம். பாடசாலை மரதன் ஒன்றில் ஓடிய மாணவன் ஒருவன் 2024 மார்ச்சில் கிழக்கில் உயிரிழந்தான். ஓட்டம் வைப்பவர்கள் எல்லோரும் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

நெஞ்சு நோ, ஓடும்போது மயக்கம், பிரஷர், நீரிழிவு உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்தவர்களும் வைத்தியரிடம் காட்டிய பின்பே பழகத் தொடங்க வேண்டும். காய்ச்சலோடு ஓடவே கூடாது.

போட்டியன்று இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு துண்டுப் பாணும் ஒரு வாழைப்பழமும் போதும். அரைமணிக்கு முன் ஒரு கோப்பை தண்ணீர். வழியில் தாகத்துக்குக் குடியுங்கள். வயிறு நிறைய வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவும் ஆபத்தாகும். முடிந்தபின் உப்பிட்ட கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் நல்லவை.

விசில் ஊதியதும் பொடியன்கள் பாய்ந்து போவார்கள். போகட்டும். 5 கிலோமீற்றரில் முதல் நாலை 28 நிமிடத்தில் ஓடி, கடைசி ஒன்றைக் களைத்து 11 நிமிடத்தில் நடந்தாலும் 39 நிமிடத்தில் முடித்துவிடலாம். முதல் அரைக் கிலோமீற்றரை இரண்டு நிமிடத்தில் ஓடியவர் பலர், மூன்றாம் கிலோமீற்றரில் மதகில் குந்தியிருப்பதைக் காண்பீர்கள்.

ஒருவர் தள்ளாடினால், பிழையாகப் பேசினால், கேட்டதற்கு மறுமொழி சொல்லாவிட்டால் அது களைப்பு என்று எண்ண வேண்டாம். வெப்பம் மூளையைத் தாக்கியிருக்கலாம். வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அப்படி இருக்கலாம். சுற்றி நின்று சோடா பருக்குவது நமது பழக்கம். அறிவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய், சேட்டைக் கழற்றி, உடம்பு முழுவதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். பெரிய தொட்டி இருந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை தண்ணீருக்குள் இருத்தலாம். இன்னொருவர் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்கட்டும். வாகனம் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. முதல் சில நிமிடங்களில் உயிரைக் காப்பது வாளியும் தண்ணீருமே.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட: நமது ஊர் மரதன் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அந்த நேரத்தைத் தீர்மானிப்பவர் யார்? தண்ணீர்த் தொட்டி எந்தெந்தச் சந்தியில் வைக்கலாம், அதற்கு யார் பொறுப்பு? நம்மிடையே தங்கியிருக்கும் வெளியூர்க் குடும்பங்களின் பெயர்கள் பதிவுக் கொப்பியில் இருக்கின்றனவா? ‘ஊர்’ என்ற நிரலில் அவர்கள் எழுதுவது விட்டுவந்த ஊரையா, இருக்கும் ஊரையா?