பின் பிரேக் தேய்ந்திருக்கிறதா? நாமே பார்க்கலாம்



போன மாதக் கூட்டத்துக்கு நம்ம அக்கா ஒருத்தர் முழங்கையில் கட்டோடு வந்தார். வீட்டுக்காரர் பைக்கில் தேனி ரோடு வழியாகப் பால் ஊற்ற வந்தவர், காளவாசல் சிக்னலில் பிரேக்கை மிதித்தும் நிற்காமல் முன்னால் நின்ற ஆட்டோவில் முட்டிவிட்டார். "போன வாரந்தான் பட்டறையில டைட் வச்சேன்" என்றார். அந்த 'டைட்'டில்தான் விஷயமே இருக்கிறது.

பெரும்பாலான பைக்குகளில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். உள்ளே பிறை நிலா மாதிரி இரண்டு பிரேக் ஷூ இருக்கும். மிதித்தால் விரிந்து டிரம்மை உரசும், வண்டி நிற்கும். உரச உரச ஷூ தேயும், பெடல் கீழே இறங்கும். கம்பி முனையில் உள்ள நட்டைத் திருகினால் பெடல் மேலே வந்துவிடும். ஆனால் தேய்ந்த ஷூ வளராதே!

ஒருத்தர் பிரேக்கை முழுசா மிதிக்கட்டும். நாம் குனிந்து டிரம் மூடியைப் பார்ப்போம். பல வண்டிகளில் அங்கே சின்ன அம்புக்குறி இருக்கும். (சேறு அப்பியிருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.) அம்பு, மூடியிலுள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூவை மாற்றியே ஆகணும். நட்டு மரையின் கடைசிவரை வந்துவிட்டாலும், 'கரகர'ன்னு இரும்புச் சத்தம் கேட்டாலும் தள்ளிப்போடக் கூடாது. லைனிங் தீர்ந்து உலோகம் உரசினால் டிரம்மும் பள்ளமாகிவிடும். ஷூவோடு முடிகிற செலவு சக்கரம் வரை போகும்.

ரொம்ப டைட் வைப்பதும் தப்பு. பெடலை விட்டதும் சக்கரம் தாராளமாகச் சுற்றணும். இல்லாவிட்டால் டிரம் சூடாகும், பெட்ரோலும் வீண்.

ஷூ மாற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை யாரும் வாயால் ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அந்தப் பொடி நெஞ்சுக்கு ஆகாது.