தனியாள் கணினிகளுள் பொருத்தமானதைத் தெரிவு செய்தல்

மாணவர்களே, கணினியைத் தெரிவு செய்யும் வினாவிற்கு விடை எழுதும்போது முதலில் பயனரின் தேவையை இனங்காணுங்கள். காரணம் கூறாமல் கணினியின் பெயரை மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது.

1. இரு வகைகள் தோன்றிய விதம்

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்டில் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் நுண்முறைவழியாக்கி இன்டெல்லுடையது. பணிசெயல் முறைமை மைக்ரோசொப்டுடையது. இவற்றைப் பிற நிறுவனங்களும் வாங்க முடிந்தமையால், 1983 இல் கொம்பாக் போன்ற நிறுவனங்கள் இணக்கமான கணினிகளை விற்றன. போட்டியால் விலை குறைந்தது. இன்றைய விண்டோஸ் கணினிகள் இவ்வழி வந்தவை.

அப்பிள் நிறுவனம் 1984 ஜனவரியில் மக்கின்டோஷ் கணினியை வெளியிட்டது. இங்கு கணினியையும் பணிசெயல் முறைமையையும் ஒரே நிறுவனம் வடிவமைக்கிறது. இரண்டும் நன்கு இசைந்து இயங்கும். ஆனால் விலை அதிகம், பிற நிறுவன உதிரிப்பாகங்கள் பொருந்துவது அரிது. விண்டோஸ் மேசைக் கணினிக்கோ பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கடை கடையாக விசாரித்துப் பாகங்களை வாங்கிப் பொருத்தலாம்.

2. வடிவத்தின்படி ஒப்பீடு

மேசைக் கணினி: அதே விலைக்குக் கூடிய திறன் கிடைக்கும். பழுதடைந்த பாகத்தை மட்டும் மாற்றலாம். மின் தடைப்பட்டால் நின்றுவிடும், யூ.பி.எஸ். இருந்தால் வேலையைச் சேமித்து நிறுத்தச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

மடிக்கணினி: எடுத்துச் செல்லலாம். மின்கலத்தால் சில மணித்தியாலங்கள் இயங்கும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது இதன் பயன் தெரிந்தது. திருத்தச் செலவு கூடியது.

டெப்லட், கைத்தொலைபேசி: 2020, 2021 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பலர் இவற்றில்தான் கற்றனர். பாடம் பார்க்கப் போதும். விரிதாள், தரவுத்தளப் பயிற்சிக்குச் சிரமம்.

3. பாவித்த கணினி வாங்கும்போது

விண்டோஸ் 10 இற்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. எனவே விண்டோஸ் 11 இயங்குமா எனப் பாருங்கள். ரம் எனப்படும் பிரதான நினைவகம் குறைந்தது 4 ஜிகாபைற், சேமிப்பகம் 64 ஜிகாபைற், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி ஆகியன வேண்டும். நுண்முறைவழியாக்கியும் மைக்ரோசொப்டின் பட்டியலில் இருத்தல் வேண்டும்.

மாதிரி வினா

கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பம். மூன்று பிள்ளைகள் ஒரே கணினியைப் பகிர வேண்டும். வீட்டில் மட்டுமே பாவனை. பணம் குறைவு. எதைப் பரிந்துரைப்பீர்?

விடை: விண்டோஸ் மேசைக் கணினி. காரணங்கள்: (அ) குறைந்த விலையில் போதிய திறன். (ஆ) பாகம் பாகமாகத் திருத்தலாம், தரமுயர்த்தலாம். (இ) எடுத்துச் செல்லும் தேவையில்லை.

மூத்த பிள்ளை பல்கலைக்கழக விடுதிக்குக் கணினியைக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் விடை மடிக்கணினி. தேவை மாறினால் விடையும் மாறும்.

நினைவிற் கொள்க: பல வீடுகளில் சீட்டுக்காசிலோ நகையை அடகு வைத்தோதான் கணினி வாங்குகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்பேச்சு எழுந்தால், "யார், எதற்கு, எங்கே பாவிப்பது?" என்ற மூன்று கேள்விகளையும் கடைக்குப் போகுமுன் அம்மா அப்பாவுடன் இருந்து எழுதிப் பாருங்கள்.

பயிற்சி: வெள்ளவத்தையில் வீடு வீடாகச் சென்று கற்பிக்கும் ஆசிரியை ஒருவருக்குப் பொருத்தமான கணினியைக் கூறி, காரணங்கள் மூன்று தருக.