கூட்டமாக வளர்க்க வேண்டிய கெளுத்தி மீன்

அலங்கார மீன் தொட்டியின் அடியைச் சுத்தம் செய்யும் என்று எண்ணி, கோரிடோராஸ் கெளுத்தியில் ஒன்றிரண்டை மட்டும் வாங்கி விடுவோர் பலர். இது சரியன்று. தென்னமெரிக்க ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் கூட்டமாக இரை தேடும் இயல்புடையது. தனித்து விட்டால், மந்தையைப் பிரிந்த ஆட்டுக்குட்டி போல் மிரண்டு, மறைவில் பதுங்கி, இரை எடுக்காமல் மெலிந்துவிடும்.

எனவே ஒரே இனத்தில் குறைந்தது 6 மீன்களை விட வேண்டும். மூன்று இனங்களில் இரண்டிரண்டாக விடுவது கூட்டம் ஆகாது. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டிக்கு 6 மீன்கள் போதும். அடியில் வாழும் மீனாதலால் தொட்டியின் உயரத்தைவிட அடிப்பரப்பே முக்கியம்.

கூரிய சரளைக்கல் மீசையைத் தேய்த்துவிடும். கழுவிய சன்ன மணலைப் பரப்பவும். இவை கழிவை உண்பதில்லை; மாலையில் விளக்கை அணைத்தபின், நீரில் மூழ்கும் குருணைத் தீவனம் இடவும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றவும். அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பே. ஓயாமல் வந்தால் நீரைக் கவனிக்கவும்.

ஆறு மீனுக்கு இடமில்லையெனில் இவற்றை வாங்காதிருப்பதே நலம். மிஞ்சிய மீன்களைக் குளத்திலோ கிணற்றிலோ விடலாகாது.