இணையக் கடைக்கு எந்த இடைமுகம்?

நாகல்நகர்க் கடைக்கு வேடசந்தூரிலிருந்து செல்போனில் ஆர்டர் வரும் காலம் இது. இணையதளம் செய்து தருபவரிடம் நாம் விலை பேசுகிறோம். ஆர்டரை வாங்கும் சர்வருக்கும் கணக்குப் போடும் நிரலுக்கும் நடுவே நிற்கும் இடைமுகம் எது என்று மட்டும் கேட்பதில்லை.

1993-ல் வந்த சி.ஜி.ஐ. எந்த மொழிக்கும் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் நிரலைப் புதிதாகத் துவக்கி, முடிந்ததும் மூடிவிடும். ஆள் வந்து அரைக் கிலோ உளுந்து கேட்ட பிறகு ஷட்டரைத் தூக்கி, நிறுத்துக் கொடுத்ததும் இறக்குவது போல! நாளைக்குப் பத்து ஆர்டர் என்றால் பாதகமில்லை. தீபாவளி வாரத்தில் திணறிவிடும்.

ஃபாஸ்ட் சி.ஜி.ஐ. முறையில் நிரல் திறந்தபடியே காத்திருக்கும். பி.எச்.பி. மொழியுடன் 2010 முதல் வரும் எஃப்.பி.எம். இந்த வகைதான். காத்திருக்கும் ஒவ்வொரு நிரலும் சர்வரின் நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். வேலையில்லாத ஆளுக்கும் கூலி உண்டல்லவா? அளவாக வைக்கச் சொல்ல வேண்டும்.

பைத்தானுக்கு டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. (2003), ரூபிக்கு ராக் (2007), பெர்லுக்கு பி.எஸ்.ஜி.ஐ. (2009) உண்டு. முத்திரையிட்ட எடைக்கல் எந்தத் தராசிலும் ஏறுவது போல, இந்த விதிப்படி எழுதிய நிரல், அதை ஏற்கும் எந்த சர்வரிலும் ஓடும். வாடகை ஏறினால் இடம் மாறலாம். மறுபடி எழுதும் செலவு இராது.

சாதாரணப் பலசரக்குக் கடைக்கு பி.எச்.பி.யும் எஃப்.பி.எம்.மும் போதும் என்பது நம் கருத்து. குறைந்த வாடகை சர்வர்களில் எளிதில் கிடைப்பதும் அதுதான். கணக்கு நிரல் முன்பே பைத்தானில் இருந்தால் அதை மாற்ற வேண்டாம். எதுவானாலும், முன்பணம் தருமுன் இடைமுகத்தின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.