பிள்ளை வளரும்வரை காத்திருக்காத கெடு

கருணை அடிப்படையில் பணி நியமனம் கேட்டுத் தோற்றவர்களின் வழக்குத் தீர்ப்புகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். குடும்பம் கஷ்டத்தில் இருப்பதை யாரும் மறுக்காதபோதும் வழக்கு தோற்பதுண்டு. தோற்கடிப்பது ஒரு தேதி. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஹரியானா வழக்கைப் பாருங்கள். 1997இல் காவலர் ஒருவர் பணியின்போது இறந்தார். மகனுக்கு அப்போது ஏழு வயது. எழுதப் படிக்கத் தெரியாத தாய், தனக்கென்று வேலை கேட்கவில்லை. மகன் தலையெடுத்ததும் அவனுக்குக் கிடைக்கட்டும் என்று காத்திருந்தார். 2008இல் மகன் மேஜரானதும் விண்ணப்பம் போனது. மூன்று ஆண்டுக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றமும் அந்த முடிவை மாற்றவில்லை. தாய் கருணைத் தொகை கேட்டு விண்ணப்பிக்க மட்டும் வழிவிட்டது. அந்தக் கெடு முடிந்தபோது பிள்ளைக்குப் பத்து வயது. அவன் எந்த மேஜையில் போய் எந்தப் படிவத்தைக் கொடுத்திருக்க முடியும்?

நீதிமன்றத்தின் தர்க்கத்தைத் தள்ளிவிட முடியாது. 1994இல் உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் வகுத்த நெறிதான் இன்றுவரை அடிப்படை. அரசு வேலை எல்லோருக்கும் பொது. சம வாய்ப்பு என்ற விதிக்குக் கருணை நியமனம் ஒரு விலக்கு மட்டுமே. சம்பாதித்தவர் திடீரென்று போய்விட்டதால் வரும் நெருக்கடியைக் குடும்பம் தாண்டுவதற்கான கைகொடுப்பு இது, பரம்பரைச் சொத்து அல்ல. பல ஆண்டுகள் தாக்குப்பிடித்துவிட்ட குடும்பத்துக்கு நெருக்கடி தீர்ந்துவிட்டது என்பது அதன் நீட்சி. இதில் கடைசிப் படியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு குடும்பம் உயிரோடு இருக்கிறது என்பது அது மீண்டுவிட்டது என்பதற்குச் சான்றாகாது. நகையை அடகுவைத்து, மூத்த பிள்ளையின் படிப்பை நிறுத்தி, பிறந்த வீட்டில் ஒண்டிக் கழித்த ஆண்டுகளும் அந்தக் கணக்கில் ‘தாக்குப்பிடித்த ஆண்டுகள்’ என்றே விழுகின்றன.

தமிழ்நாட்டில் 1972 முதல் இந்த நியமனம் நடைமுறையில் இருக்கிறது; இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடு 1995இல் வந்தது. 2023இல் தனி விதிகளே வந்த பிறகும் அந்தக் கெடு நீடிக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். தந்தை இறக்கும்போது 15 வயது நிரம்பாத பிள்ளைக்கு, அந்த மூன்று ஆண்டுக்குள் 18 ஆகாது. 57 வயதில் நோயால் இறக்கும் ஊழியருக்குப் படித்து முடித்த மகனோ மகளோ இருப்பார்கள். அவர்கள் மறுமாதமே விண்ணப்பிக்கலாம். ரோந்தில் லாரி மோதியோ, குற்றவாளியைத் துரத்தும்போது வெட்டுப்பட்டோ 30 வயதில் சாகும் காவலரின் பிள்ளை எல்.கே.ஜி.யில் இருக்கும். எவ்வளவு இளவயதில் உயிரைக் கொடுத்தாரோ அவ்வளவுக்கு அவர் பிள்ளைக்குக் கதவு இறுக மூடுகிறது. யாருக்காக இந்தக் கருணை வேண்டுமோ அவர்களையே அது முதலில் கைவிடுகிறது.

பிள்ளைகள் வளரும்வரை இடத்தை ஒதுக்கிவைத்தால் வேலையில்லாத மற்ற இளைஞர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மத்திய அரசில் தொகுதி ‘சி’ நேரடி நியமன இடங்களில் 5 சதவீதம்தான் இதற்கு. அந்த அளவை ஏற்றச் சொல்லவில்லை. பணியில் கொல்லப்பட்டவரின் மைனர் பிள்ளைக்கு மட்டும் கெடுவை 18 வயதிலிருந்து எண்ணுங்கள் என்பதே என் கோரிக்கை. அதே 5 சதவீதத்துக்குள் அவரும் போட்டியிடட்டும், வறுமையையும் அன்றைய நிலவரப்படியே அளக்கட்டும். மத்திய அரசின் நெறிமுறைகள், காலம் கடந்து வரும் விண்ணப்பங்களைக் கூடுதல் கவனத்துடன் பரிசீலிக்க இடம் தருகின்றன. அதனால் நிர்வாகம் ஒன்றும் நிலைகுலையவில்லை. வேலையே கூடாது என்பவர்களுக்கு ஹரியானாவின் 2006 விதிகள் வேறொரு வழியைக் காட்டின: இறந்தவரின் சம்பளத்தையே, அவருடைய வயதைப் பொறுத்து 7 முதல் 15 ஆண்டுகள்வரை குடும்பத்துக்கு மாதாமாதம் கொடுப்பது. அதிலும் 35 வயதுக்குள் இறந்தவரின் குடும்பத்துக்குத்தான் 15 ஆண்டுகள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எது தேவை என்று யோசித்து எழுதிய விதி அது.

விதி மாறும்வரை குடும்பங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘பையன் பெரியவனானதும் கேட்டுக்கொள்ளலாம்’ என்று பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவினர் யாராவது சொல்வார்கள். அன்பால் சொல்வதுதான், ஆனால் கேட்காதீர்கள். மனைவி தன் பெயரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் அலுவலக உதவியாளர், பத்தாம் வகுப்பு இருந்தால் இளநிலை உதவியாளர் பணிக்குக் கேட்கலாம். வட்டாட்சியரின் வாரிசுச் சான்று தாமதமானால் அதற்காக மனுவை நிறுத்திவைக்காமல், இருப்பதை இணைத்துக் கொடுத்து, மீதியைப் பின்னர் சேர்ப்பதாக அதிலேயே எழுதுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் விழாமல் வெளியே வரக் கூடாது. ஊதா மையில் பதிந்த அந்தச் சிறு வட்டம்தான் பின்னாளில் நீதிமன்றத்தில் பேசும். தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பணியின்போது இறந்தார் என்பதற்கு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, அன்றைய பணி ஒதுக்கீட்டுப் பதிவு மூன்றின் நகலையும் உடனே வாங்கிவிட வேண்டும். ஆண்டுகள் போனால் பதிவேடு கிடைப்பது அரிது. குடும்ப ஓய்வூதியமும் கருணைத் தொகையும் வேலைக்கு மாற்று அல்ல. அவற்றைத் தனித்தனி மனுவாகக் கேளுங்கள். மறுத்தால் ‘போய்ட்டு அப்புறம் வாங்கம்மா’ என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாமல், காரணம் குறிப்பிட்ட ஆணையைக் கையில் வாங்குங்கள். மேல்முறையீடு அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கும்.